மூன்றரை மந்திரம்

அந்தச் செவ்வாய்க்கிழமை இஞ்ஞாசி கயிற்றை அசைக்கவில்லை. ஆனாலும் மேலே வந்துவிட்டான்.

வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது முதலில் கண்ணில் பட்டது மச்சான் தொம்மையின் கால்விரல்கள்தான். பலகையை அழுத்திப் பிடித்தபடி வெளுத்திருந்தன. தொம்மை கயிற்றை வளையமாகச் சுருட்டிப் போட்டுவிட்டு, அவன் இடுப்பில் தொங்கிய வலைப்பையைப் பார்த்தார். அதில் ஒரு சிப்பிகூட இல்லை.

"மணலா மாப்ள?"

"ஆமா மச்சான். மணல்தான்."

அது பொய். கீழே பார் இருந்தது, சிப்பி விளையும் கல்திட்டு. முத்துச் சிப்பிகள் கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்தன; கை நீட்டினால் எடுக்கலாம். அவன் எடுக்கவில்லை. கல்லின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். அங்கே எட்டுப் பாகம் ஆழம். ஒரு பாகம் என்பது ஓர் ஆள் இரண்டு கைகளையும் விரித்து நிற்கும் நீளம். மூச்சு முடியப் போகிறது என்று தெரிந்ததும் இடுப்புக் கயிற்றை மூன்று முறை வெட்டி இழுக்கவேண்டும். மேலே இருப்பவர் தூக்குவார். இரண்டு வருடமாக அப்படித்தான். அன்று அந்த நேரம் வந்தது. கயிறு கைக்கு அருகிலேயே இருந்தது. வேண்டாம் என்று இருந்துவிட்டான். துக்கம் பொங்கி எடுத்த முடிவு என்று அதைச் சொல்ல முடியாது. மழை வரும்போது கொடியில் கிடக்கும் துணியை எடுக்க எழுந்திருக்கச் சோம்பல் படுவோமே, அது மாதிரி இருந்தது. பிறகு இடுப்பில் கயிறு இறுகியது. வெளிச்சம் பச்சையாகி, வெள்ளையாகி, தலை வெளியே வந்தது.

சுக்கான் அருகே உட்கார்ந்திருந்த மூஸா காக்கா பீடியை அணைத்துவிட்டு, "தம்பி இன்னைக்குக் கடலுக்குள்ள தூங்கிட்டு வந்திருக்கு" என்றார். தொம்மை சிரிக்கவில்லை. ஆளைக் கீழே இறக்கும் கல் கட்டிய கயிற்றை மேலே இழுக்கப் போய்விட்டார்.

இஞ்ஞாசி விலங்கியல் படித்தவன். கடற்கரையில் இருந்த ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் உதவியாளன். எந்தப் பாரில் எத்தனை சிப்பி இருக்கிறது, என்ன வயது, என்ன அளவு என்று எண்ணி எழுதுவது வேலை. முத்துக் குளிக்கும் குளிகாரர்கள் எடுத்துவந்து கொடுப்பதை வள்ளத்தில் உட்கார்ந்தே எண்ணியிருக்கலாம். ஆனால் கடற்கரைத் தெருவில் பிறந்தவன், சின்ன வயதில் குதித்துப் பழகியவன் என்பது மேலதிகாரிக்குத் தெரிந்துவிட்டது. நீங்களே இறங்கிப் பார்த்து எழுதினால் இன்னும் நல்லது என்றார். இறங்கினான். இறங்குவதென்றால் கயிறு பிடிக்க ஆள் வேண்டும். மனைவி பிரகாசியின் அண்ணன் தொம்மை வந்தார். வேறு யாரும் வர முடியாது. குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்கவேண்டும் என்பது அந்தக் கரையில் சட்டம்.

காரணத்தை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். கயிற்றை விட்டால் தாலியறுப்பது சொந்தத் தங்கை. அதனால் மச்சான் விடமாட்டான். படிக்கிற காலத்தில் இஞ்ஞாசிக்கு இந்த ஏற்பாட்டின்மேல் பெரிய மதிப்பு இருந்தது. காவல் இல்லை, எழுத்து இல்லை, ஒரு உறவை மட்டும் ஆணியாக அடித்து ஓர் உயிரைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கல்யாணமான வாரத்தில் பிரகாசியிடம் இதை விளக்கினான். அவள் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "எங்க அண்ணனுக்கு எம்மேல கோவம்னா என்ன செய்விய?" என்றாள். அவள் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

ஏழு மாதத்துக்கு முன்னால், கோயில் திருவிழாக் கொடி இறங்கிய மறுவாரம் அவள் இறந்தாள். மஞ்சள் காமாலை. முதலில் வாந்திதான் வந்தது. சோறு பிடிக்கவில்லை என்றாள். அசதியாக இருக்கிறது என்று பகலில் படுத்தாள். இஞ்ஞாசி விரல்விட்டு மாதம் எண்ணினான். மாங்காய் வாங்கிவந்தான். அவள் ஒரு துண்டைக் கடித்து வைத்துவிட்டு, நம்ப ஆசைப்பட்டவளாக அவன் முகத்தைப் பார்த்தாள். மண்ணெண்ணெய் விளக்கில் எல்லாருடைய கண்ணும் மஞ்சளாகத்தான் தெரியும். பத்து நாள் கழித்து ஒரு காலையில் அவளை முற்றத்து வெயிலில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் நேரம் போய்விட்டது. விலங்கியலில் கல்லீரலைப் பற்றி ஒரு முழுத் தாள் எழுதி முதல் வகுப்பு வாங்கியவன் அவன்.

ஆணி போய்விட்டது, ஏற்பாடும் விழுந்துவிடும் என்று அவன் நினைத்தான். அடக்கம் முடிந்து நாற்பது நாள் கழித்து வள்ளத்துக்குப் போனபோது தொம்மை ஏற்கெனவே வந்து கயிற்றைத் தண்ணீரில் நனைத்து உட்கார்ந்திருந்தார். பழக்கம் என்று இஞ்ஞாசி முடிவுகட்டினான். அல்லது நாலு பேர் பேசுவார்களே என்று. மாங்காய் விஷயம் தொம்மைக்குத் தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு மூன்று நாள் அவன் தொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு அசையாமலே அவர் தூக்கியிருக்கிறார். அப்படியென்றால் ஏதோ தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கேட்கவில்லை. கஞ்சி குடிக்கும்போதும், வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு மூஸாவோடு சண்டை போடும்போதும், அந்த முகத்தில் ஓர் அடையாளத்தைத் தேடினான். அவர் இவனுக்கென்று எடுத்துவைத்த கருவாட்டுத் துண்டில்கூட ஓர் அர்த்தம் இருப்பதாகப் பட்டது. மன்னித்திருக்கிறார் என்று ஒருநாள் தோன்றியது. சாகவிடாமல் தண்டிக்கிறார் என்று மறுநாள் தோன்றியது. எதுவானாலும், தன்னைப் பற்றி ஒரு மனிதருக்குத் தெரியும் என்ற நினைப்போடு அவன் மூன்று இரவு தூங்கினான். ஏழு மாதத்தில் அதுதான் ஒழுங்கான தூக்கம்.

வெள்ளிக்கிழமை செல்வதுரை சார் வள்ளத்தில் வந்தார். நாசரேத்துக்காரர். நிலையத்தில் ஆராய்ச்சி அதிகாரி. பாரைப் பற்றி நிலையம் வெளியிடும் அறிக்கையில் குளிக்கும் முறையைப் பற்றியும் ஓர் அத்தியாயம் வேண்டும் என்பது அவர் யோசனை. இஞ்ஞாசி எழுதிக் கொடுத்திருந்தான். படமும் போட்டிருந்தான். மேலே வள்ளம், அதில் ஓர் ஆள், கீழே குளிகாரன், நடுவில் அடிக்கோல் வைத்து இழுத்த நேர்க்கோடாகக் கயிறு. கோட்டின் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு: 'மூன்று இழுப்பு – சைகை'. சார் படத்தைப் பாராட்டினார். சைகைக்கும் தூக்குவதற்கும் இடையில் எத்தனை விநாடி ஆகிறது என்று மட்டும் கணக்கெடுத்துச் சேர்த்துவிடலாம் என்று, நிறுத்துக் கடிகாரம் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சப்பாத்தோடு வள்ளத்தில் ஏறினார்.

"சப்பாத்தைக் கழட்டிருங்க சார்" என்றார் மூஸா. "வள்ளம் கவுந்தா மீனு கடிச்சுப் பாத்துட்டு நம்மளத் தேடி வரும்."

"வள்ளம் கவுருமாய்யா?"

"நான் பொறந்ததுக்குப் பொறவு கவுரல. அதுக்கு முன்னாடி கேட்டுத்தான் சொல்லணும்."

பங்குனி மாதக் கடல். எண்ணெய் பூசியதுபோலக் கிடந்தது. சார் தொம்மையிடம் விளக்கினார். இஞ்ஞாசி கீழிருந்து கயிற்றை இழுப்பார், கை உணர்ந்த அந்தக் கணம் தொம்மை ஒரு சத்தம் கொடுக்கவேண்டும், பிறகு தூக்கவேண்டும். தொம்மை சரி சரி என்று தலையாட்டினார்.

இஞ்ஞாசி கல்லின்மேல் கால் வைத்து இறங்கினான். பையில் சிப்பிகளை நிரப்பினான். நெஞ்சு முட்டியபோது, அன்று செய்யவேண்டிய வேலை அது என்பதால், கயிற்றை மூன்று முறை பலமாக வெட்டி இழுத்தான். கயிறு இறுகியது. மேலே வந்தான்.

சார் கடிகாரத்தை நீட்டியபடி நின்றார். "எறங்குனதுல இருந்து அறுபத்தெட்டு செகண்ட். ஆனா சத்தமே குடுக்கலையே தொம்மை?"

"எதுக்கு சார்?"

"கயிறு அசைஞ்சா சத்தம் குடுக்கணும்னு சொன்னேன்லா?"

"அசையலையே."

"அசைச்சேன் மச்சான்" என்றான் இஞ்ஞாசி, விளிம்பைப் பிடித்துத் தண்ணீரில் தொங்கிக்கொண்டே. "மூணு தரம். பலமா."

தொம்மை அவனைப் பார்த்தார். பிறகு மூஸாவைப் பார்த்தார். மூஸா தோள்துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"நீ தெனமும் அசைக்கியா மாப்ள?"

"தெனமும்தான்."

"அடப்பாவி. ரெண்டு வருசமாவா?" தொம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு மாதத்தில் இஞ்ஞாசி அவர் பல்லைப் பார்த்தது அப்போதுதான். "எட்டுப் பாகத்துக்குக் கீழ கெடந்து நீ ஆட்டுறது எங் கையில வந்து சேருமா? கீழ ஓடுத நீவாடு கயித்த வில்லா வளச்சு வச்சிருக்கும். அந்த வளைவே குடிச்சிரும் எல்லாத்தையும். கயிறு பொணமாக் கெடக்கும் சார், கையில. ஒண்ணும் தெரியாது."

செல்வதுரை சார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எதை வச்சித் தூக்குதீரு?"

"மந்திரம் சொல்லுவேன் சார். மாதாவுக்குச் சொல்லுத பிரியதத்த மந்திரம். மூணு முழுசு, நாலாவதுல பாதி. அங்கன வந்ததும் தூக்கிருவேன்."

"ஜெபமா? வேகமா சொன்னா?"

"எதுக்கு வேகமா சொல்லணும்?"

"சாருக்கு வெளங்கல" என்றார் மூஸா. "எனக்குத் தெரிஞ்சது குர்ஆன்ல யாசீன். அதை ஓதி முடிக்கக் கால்மணி நேரம் ஆவும். அதனாலதான் எங்கிட்ட யாரும் கயித்தக் குடுக்கதில்ல."

சார் இன்னும் இரண்டு முறை நேரம் பார்த்தார். அறுபத்தொன்பது. அறுபத்தேழு. நோட்டில் எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும்போதே முகம் வெளுத்தது. விளிம்புக்கு வெளியே ஒருமுறை குனிந்து எழுந்து, வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தில், நனைத்த துண்டை முகத்தில் போட்டுப் படுத்துவிட்டார். சப்பாத்துக்கால் இரண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இஞ்ஞாசி மேலே ஏறித் துவட்டாமல் உட்கார்ந்தான். பழைய நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவன் அசைப்பதற்கு முன்னாலேயே கயிறு தூக்கிய நாட்கள் உண்டு. தெரியாமல் கை பட்டிருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டான். அசைத்தும் சற்றுத் தாமதமான நாட்கள் உண்டு. மச்சான் பீடி பற்றவைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான். படத்துக்குப் பொருந்தாத எல்லாவற்றுக்கும் அவன் ஒரு காரணம் வைத்திருந்தான். அவனுடைய மூச்சு அவருடைய மூன்றரை மந்திரத்துக்குப் பழகியிருக்கிறது. அவ்வளவுதான். அவன் அசைத்ததும் அவர் தூக்கியதும் ஒரே நேரத்தில் நடந்த இரண்டு வேறு காரியங்கள்.

அப்படியானால் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. மன்னிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. கருவாட்டுத் துண்டு கருவாட்டுத் துண்டு. அவன் கீழே சாக உட்கார்ந்திருந்தபோது மேலே ஒருவர் நாலாவது மந்திரத்தின் பாதிக்கு வந்திருந்தார். அந்த மூன்று நாள் தூக்கத்தை நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. தனியாக விடப்பட்டதுபோலவும் இருந்தது. அந்தத் தனிமை பொறுக்காமல்தான் வாய் திறந்தான்.

"செவ்வாக்கிழம நான் அசைக்கல மச்சான்."

தொம்மை கல் கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "அதான் அசைச்சாலும் ஒண்ணுதாம்னு சொன்னேன்லா."

"அது எனக்குத் தெரியாதுல்லா. அசைச்சாதான் தூக்குவியன்னு நெனச்சிருந்தேன். அப்படி நெனச்சிக்கிட்டே அசைக்கல."

முடிச்சில் இருந்த விரல்கள் நின்றன. மூஸா சட்டென்று கரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். தூரத்தில் புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டும் சத்தம், ஒவ்வொன்றும் தாமதித்துத் தாமதித்து வந்தது.

"மணலுன்னு சொன்ன" என்றார் தொம்மை.

"மணல் இல்ல."

தொம்மை பாரின்மேல் பார்வையை வைத்திருந்தார். அதாவது, பார் இருக்கும் இடத்துக்கு நேர்மேலே இருந்த வெறும் தண்ணீரின்மேல். பிறகு எழுந்து சட்டையைக் கழற்றினார். கழுத்தில் கிடந்த, மாதா படம் தைத்த உத்திரியத்தை எடுத்து மூஸாவின் மடியில் போட்டார். இஞ்ஞாசியின் இடுப்பில் இருந்த கயிற்றை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டினார். நுனியை அவன் கையில் திணித்தார்.

"நான் எறங்குதேன். நீ புடி."

"எனக்குப் புடிச்சுப் பழக்கமில்ல மச்சான்."

"எனக்கும் ஒரு நாளு பழக்கமில்லாமத்தான் இருந்தது."

"மூஸா காக்கா புடிக்கட்டும்."

"அவரு யாசீன் ஓதுனா நான் ஊதிப்போவேன். நீ புடிலே."

கல்லின்மேல் காலை வைத்தார். மூக்கைப் பிடித்தார். தண்ணீர் அவரை மூடிக்கொண்டது. சுருளாகக் கிடந்த கயிறு, பாம்பு புற்றுக்குள் போவதுபோல் வளையம் வளையமாகப் போயிற்று. பிறகு நின்றது.

கையில் ஒன்றுமில்லை. அவர் சொன்னது மெய். மனிதர் இருப்பதற்கு எந்த அடையாளமும் அந்தக் கயிற்றில் இல்லை. நனைந்த தேங்காய்நாரின் கனம் மட்டும்தான். இஞ்ஞாசி 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினான். அடக்கத்துக்குப் பிறகு அவன் சொல்லாத மந்திரம். சொற்கள் தடங்கலில்லாமல் வந்தன. மூன்று முடித்து நாலாவதின் பாதியில் இழுத்தான். கை மாற்றிக் கை மாற்றி, பலகையில் முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்தான்.

தொம்மை மேலே வந்து முகத்தை வழித்தார். பையில் நாலே சிப்பி.

"ஏம்லே, தீப்புடிச்சிட்டா வள்ளத்துல? இப்பத்தானே காலு மண்ணுல பட்டுச்சு?"

"மூணரை சொன்னேன் மச்சான்."

"என்னத்தச் சொன்ன?"

"அருள் நிறைந்த..."

"போச்சு போ!" தொம்மை தண்ணீரைக் கையால் அடித்தார். "அது சாமியாருமாரு இப்பப் புதுசா மாத்துனதுல்லா. குட்டையாக்கிட்டாவ. அதைச் சொல்லி எங்கயாவது குளிக்க முடியுமா? பழசைச் சொல்லு. பிரியதத்தத்தினாலேன்னு வரும்லா, அது."

"அது எனக்கு மறந்துபோச்சு."

"மறக்கும். மறந்தா நான் அங்கனயே கெடக்கேன்."

"மச்சான்..."

அவர் காத்திருக்கவில்லை. மூஸா கல்லை மேலே இழுத்துக் கொடுத்தார். தொம்மை நெஞ்சு நிறைய மூச்சை எடுத்து, இஞ்ஞாசியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கயிறு ஓடி நின்றது. இஞ்ஞாசி உதட்டைத் திறந்தான். 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே.' அதுவரை வந்தது. அதற்கப்புறம் இருட்டு. சின்ன வயதில் கோயில் தரையில் முழங்காலில் நின்று ஆயிரம் தடவை கத்தியதுதான். கல்லூரி விடுதியில் புதுசுக்கு மாறினான். பழசை வீட்டில் சொன்னவள் பிரகாசி. அவள் அதை ஒழுங்காகச் சொன்னதே இல்லை. அடுப்பை ஊதிக்கொண்டே, பாதிச் சொற்களை விழுங்கி, 'ஸ்திரீகளுக்குள்' என்ற இடத்தில் மட்டும் ஒருமுறை நின்று மூச்சு வாங்குவாள். அந்த நிறுத்தத்தைப் பிடித்தான். அங்கிருந்து சொற்கள் வந்தன. அவள் விழுங்கிய இடங்களை இவன் ஒவ்வொன்றாக முழுசாகச் சொன்னான். முதல் மந்திரம் முடிகிற இடத்தில் 'எங்கள் மரண நேரத்திலும்' என்று வந்தது. அவளைப் புதைத்த அன்று எல்லோரும் சொல்ல அவன் வாயை மூடிக்கொண்ட இடம் அது. இப்போது மூட முடியாது. மூடினால் எண்ணிக்கை நின்றுவிடும். சொன்னான். ஆமென் என்றான். இரண்டாவதைத் தொடங்கினான்.

வேகமாகச் சொல்லிவிடத் துடித்தது நாக்கு. அணியத்தில் செல்வதுரை சார் துண்டுக்கடியிலிருந்து, "மணி என்னய்யா ஆச்சு?" என்று முனகினார். அவர் கழுத்தில் கிடந்த கடிகாரம் ஓடாமல் நின்றிருந்தது. கயிறு தெற்கே சாய்ந்து தண்ணீருக்குள் போயிருந்தது. கயிறு போகிற இடத்தில்தானே ஆள் இருக்கவேண்டும்? இஞ்ஞாசி அங்கேயே கண்ணை நட்டுவைத்துக்கொண்டு சொன்னான். அந்தத் தண்ணீரில் ஒன்றுமில்லை. வெயில் மட்டும் நெளிந்தது. இரண்டாவதும் முடிந்தது.

"தம்பி" என்றார் மூஸா மெதுவாக. கை நீட்டவில்லை, தாடையை மட்டும் அசைத்துக் காட்டினார். "அங்கன இல்ல. இந்தப் பக்கம்."

இஞ்ஞாசி திரும்பினான். வள்ளத்தின் வடக்கே, கயிற்றுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில், நாலு கை தூரம் தள்ளி, கடுகளவில் குமிழிகள் வந்து உடைந்துகொண்டிருந்தன. ஒன்று. இடைவெளி விட்டு இரண்டு. அவன் கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, உடம்பை முழுவதுமாக அந்தப் பக்கம் திருப்பி உட்கார்ந்தான். குமிழிகளைப் பார்த்தபடி மூன்றாவதை, ஒரு சொல்லையும் விழுங்காமல், சொல்லத் தொடங்கினான்.